வெஸ்ட் ஹென்டனில் நான்கு சனிக்கிழமைகள்

முதல் சனிக்கிழமை

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் ஐஸ்லாந்துக்குப் போவார்கள், பெருவுக்குப் போவார்கள். நான் போனது லண்டனுக்குள்ளேயே, எங்கள் வீடு இருக்கிற ரெய்னர்ஸ் லேனில் இருந்து ஏழு மைல். மெட்ரோபொலிட்டன் ரயிலில் ஹாரோ-ஆன்-த-ஹில், அங்கே பஸ் நிலையத்தில் 183ஐப் பிடித்தால் கென்டன், கிங்ஸ்பரி கடந்து வெஸ்ட் ஹென்டன். பஸ்ஸுக்கு ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். பாதை சுகம். இந்தப் பயணத்தில் கஷ்டமான இடம் எங்கள் வீட்டு மாடிப்படிதான். என் மகள் தாரணி அதில் இறங்கி வாசலுக்கு வரக் காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதே கால் வரை எடுத்தது.

தாரணிக்கு இருபது வயது. லெஸ்டருக்கு யூனிவர்சிட்டி படிக்கப் போனவள், முதல் வருடம் முடியமுன்பே பெட்டியோடு திரும்பி வந்தாள். வந்தவள் தன் அறைக்குள் போனாள், அவ்வளவுதான். சாப்பாட்டைக் கதவடியில் வைப்பேன். பாதி தின்ற தட்டு வெளியே வரும். என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். டொக்டர் மாத்திரை எழுதினார். வெளிக்காற்றில், தண்ணீர்ப் பக்கம் ஏதாவது செய்யட்டும் என்றும் சொன்னார். சொல்வதற்கென்ன! அறையைவிட்டு வராத பிள்ளையை நான் தூக்கிக்கொண்டா போவது?

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பதினொரு வயதில் பள்ளிக்கூடத்தோடு ஏதோ ஓர் ஏரிக்குப் போய்ப் பாய்மரப் படகில் ஏறிவிட்டு வந்து ஒரு கிழமை வாய் ஓயாமல் கதைத்தவள் இவள். சரி, அதையே பிடிப்போம் என்று தேடினேன். பிரெண்ட் நீர்த்தேக்கத்தில் ஒரு படகுக் கழகம் இருந்தது. புதியவர்களுக்கு நான்கு சனிக்கிழமை வகுப்பு, ஆளுக்கு நூற்றெண்பது பவுண். இரண்டு பேருக்குக் கட்டினேன்.

“உனக்காக” என்றால் வரமாட்டாள். ஆகவே கதவுக்கு வெளியே நின்று வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். “பிள்ளை, எனக்குக் கனகாலமா உந்தப் பாய்ப் படகு ஓட்ட ஆசை. தனியப் போகப் பயமாக் கிடக்கு. அவையள் விறுவிறெண்டு இங்கிலிஷ் கதைப்பினம். எனக்குத் துணைக்கு வாவன்.”

நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருடம். கணக்காளராக வேலை செய்கிறேன். வரி இலாகாவோடு தொலைபேசியில் சண்டை பிடித்து வெல்லுகிற இங்கிலிஷ் என்னுடையது. தாரணிக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் உள்ளே சத்தம் கேட்டது. “எத்தனை மணிக்கு அம்மா?” என்றாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெஸ்ட் ஹென்டனில் இறங்கிக் கூல் ஓக் லேன் வழியாகப் பத்து நிமிட நடை. ஒரு வாகனம் மட்டும் போகிற குறுகிய பாலம் வரும். பாலத்துக்கு இரு பக்கமும் தண்ணீர். ஒரு கரையில் புது அடுக்குமாடிகள், மற்றக் கரையில் வில்லோ மரங்கள், தூரத்தில் வெம்பிளி மைதானத்தின் வெள்ளை வளைவு. நோர்த் சர்க்குலர் வீதியின் இரைச்சல் நிற்கவே நிற்காது. புல்தரை முழுக்க வாத்து எச்சம். கழகம் என்றதும் நான் ஏதோ பெரிதாக நினைத்திருந்தேன். பார்த்தால் ஒரு மரக்கொட்டகை, தேத்தண்ணீர் ஊற்ற ஒரு சிறிய குசினி, ஈரக் காலுறை மணக்கிற உடைமாற்றும் அறை.

நான் வெறுங்கையோடு போகவில்லை. விடியற்காலை எழும்பி மட்டன் ரோல்ஸ் பொரித்து ஒரு பெரிய டப்பா நிறையக் கொண்டுபோனேன். எங்கள் சனம் ஒரு புது இடத்துக்கு எப்படிப் போகும்? படகுக்காரர்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு டப்பாவைத் துடைத்து வைத்தார்கள்.

தாரணி உடை மாற்றவில்லை. கரையோர மர வாங்கில் போய் உட்கார்ந்துவிட்டாள். “நீங்க போங்கோ அம்மா, நான் பார்க்கிறன்” என்றாள். ஆசை என்று சொன்னவள் நானல்லவா? பின்வாங்கினால் பொய் பல்லிளிக்கும். வெட்சூட் என்கிற அந்த ரப்பர் சட்டைக்குள் என்னைத் திணிக்கக் கால் மணித்தியாலம் பிடித்தது. ஐம்பத்திமூன்று வயதில் யாருக்கும் வேண்டாம் அந்தக் கண்றாவி.

என்னோடு ஒரே படகில் போட்டது சரவணன் என்கிற தம்பியை. கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை, ஸ்ட்ரெதமில் வீடு. “அக்கா நீங்க தமிழா! ரோல்ஸ் பாத்தப்பவே நெனச்சேன்” என்று சந்தோஷப்பட்டார். அடுத்த கேள்வி, நான் பயந்த கேள்வி: “அது உங்க பொண்ணுங்களா? இறங்கலையா?”

“அவவுக்கு எக்ஸாம் வருது தம்பி. தடிமன் பிடிச்சா படிக்கேலாது” என்றேன். கோவிலிலும் கல்யாண வீடுகளிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாகவே சொல்லிவிட்டது.

அன்று படகில் நடந்ததைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பாயின் அடிக்கட்டை என் தலையில் இரண்டு முறை அடித்தது. சுக்கான் தடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும் என்று ஆயிரம் தரம் சொன்னார்கள். என் கை கேட்கவில்லை. இரண்டு முறை கவிழ்ந்தோம். தண்ணீர் பச்சை நிறம், தேங்கிய குளத்து ருசி. தலையை மேலே வைத்துக்கொண்டு நீந்துகிற அளவுக்குத்தான் எனக்கு நீச்சல். மிதவைச் சட்டை இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் இல்லை.

பிறகு உடைமாற்றும் அறையில் மார்கரெட் என் ரப்பர் சட்டையை இழுத்துக் கழற்ற உதவினார். எங்களுக்குப் படகு பழக்கியவர் அவர்தான். எழுபது வயதிருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை. “உங்கள் மகளுக்கு நீர் பிடிக்காதா?” என்று கேட்டார். என்ன வந்ததோ, நடுங்கிக்கொண்டு நின்றபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். லெஸ்டர், அறை, தட்டு, மாத்திரை, எல்லாம். எனக்குப் படகுமில்லை, ஆசையுமில்லை, அவளை வீட்டைவிட்டு வெளியே எடுக்கத்தான் இவ்வளவும் என்றும் சொன்னேன்.

என் தங்கைக்குச் சொல்லாத கதை அது. என் கணவரின் அண்ணை குடும்பத்துக்குத் தெரியாது. எங்கள் ஆட்களில் ஒருவருக்குச் சொன்னால் சாயங்காலத்துக்குள் லண்டனின் மற்ற மூலை ஈஸ்ட் ஹாம் வரை போய்விடும். வெள்ளைக்காரிக்குச் சொன்னால் யாருக்குப் போய்ச் சொல்லப்போகிறார்? நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். அன்றைக்கு எனக்கு நெஞ்சு லேசாகத்தான் இருந்தது.

இரண்டாம் சனிக்கிழமை

தாரணி ஒன்பது மணிக்கே வாசலில் நின்றாள். சாம்பல் வானம், நல்ல காற்று. கிங்ஸ்பரியில் பஸ் நின்று நின்று போனது. அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். நான் கதை கொடுக்கவில்லை. கதை கொடுத்தால் கெட்டுவிடும் என்று பயம்.

இந்த முறை சுக்கான் என் கையில். சரவணன் முன்னால் சின்னப் பாயைப் பார்த்துக்கொண்டார். மார்கரெட் மோட்டார்ப் படகில் பக்கத்தில் வந்து, “கயிற்றை இழுங்கள், இன்னும் கொஞ்சம், பாய் படபடப்பதை நிறுத்தும்வரை” என்றார். இழுத்தேன். படபடப்பு சட்டென்று நின்றது. படகு ஒரு பக்கம் சரிந்து பாய்ந்தது. நாங்கள் இருவரும் மற்றப் பக்கத்தில் ஏறி இருந்து முதுகை வெளியே சாய்த்தோம். அடியில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. கயிற்றிலே காற்றின் பாரம் கையில் தெரிந்தது. நான் இழுத்தால் அது இழுத்தது, நான் விட்டால் அது விட்டது. மோட்டார் இல்லை, பெற்றோல் இல்லை, யாரும் தள்ளவுமில்லை. நான் ஓட்டுகிறேன்!

வாய்விட்டுச் சிரித்தேன். “அக்கா சூப்பர்! அக்கா சூப்பர்!” என்று சரவணன் கத்தினார். அந்த மரங்கள் நிறைந்த மூலை வரை போய்த் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது, இவ்வளவு நேரமும் நான் தாரணியை நினைக்கவேயில்லை. இரவில் மூன்று மணிக்கு எழும்பி அவள் கதவில் காதை வைத்து மூச்சுச் சத்தம் கேட்கிறவள் நான். எப்படி மறந்தேன்? என்ன தாய் நான் என்று இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அடுத்த திருப்பத்தில் மறுபடியும் மறந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் தாரணி கேட்டாள்: “அம்மா, காற்று கூடினவுடன ஏன் அந்தக் கயிறை விட்டனீங்க?”

மாதக்கணக்கில் அவளாகவே என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. “விடாட்டி கவிண்டிடும் பிள்ளை. பயத்தில இறுக்கிப் பிடிக்கத்தான் மனம் சொல்லும். விட்டாத்தான் படகு நிமிரும்” என்றேன், ஏதோ பிறந்ததிலிருந்து கப்பல் ஓட்டியவள் மாதிரி. அவள் சிரித்தாள். கென்டன் தாண்டும்வரை அதைப்பற்றியே கதைத்தோம். பள்ளிக்கூடத்தில் ஓட்டியது சின்னப் படகு, ஒற்றைப் பாய் என்றாள். அன்று இரவு தட்டு காலியாக வந்தது. “எங்கட பிள்ளை திரும்பி வருது போல கிடக்கு” என்று என் கணவர் தட்டைத் தூக்கிக் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் குசினியில் நின்று அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் சனிக்கிழமை

இதைத்தான் எழுதக் கை வரவில்லை.

தாரணி உடை மாற்றினாள். ரப்பர் சட்டை, மேலே சிவப்பு மிதவைச் சட்டை. முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி எங்கள் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நாங்கள் ஏறுவதற்கு. “ஐயோ, குளிருது!” என்று இங்கிலிஷில் கத்திவிட்டு, “தேத்தண்ணி குடிச்சிட்டு அடுத்த முறை நான் வாறன்” என்றாள். அவளாகவே சொன்னாள். நான் சரியென்று தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும்.

அன்றைக்குக் காற்று எங்கள் கரையிலிருந்து எதிர்க்கரைக்கு அடித்தது. போவது ஒரு நொடி. பின்காற்றில் பாயை முழுக்க விரித்து அந்த அடுக்குமாடிகளின் அடி வரை போய்விட்டோம். திரும்பிப் பார்த்தேன். வாங்கில் சிவப்பாகத் தாரணி தெரிந்தாள். மார்கரெட் கையில் இரண்டு கோப்பைகளோடு புல்தரையில் நடந்து அவளிடம் போனார். ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

உடைமாற்றும் அறையில் நான் கொட்டியதை அவர் இவளிடம் சொல்லிவிட்டால்? “தம்பி, திருப்புங்கோ. கரைக்குப் போகவேணும்.”

“இப்பத்தானே வந்தோம் அக்கா?”

“திருப்புங்கோ எண்டுறன்!”

காற்று வருகிற திசைக்கு நேரே பாய்மரப் படகு போகாது. முதல் பாடமே அதுதான். மூலைக்கு மூலை, இந்தப் பக்கம் ஒரு சரிவு, அந்தப் பக்கம் ஒரு சரிவு என்று வளைந்து வளைந்துதான் போகவேண்டும். நான் அவசரத்தில் மூக்கை நேரே கரைக்குத் திருப்பினேன். பாய் படபடத்தது, படகு செத்துப்போய் நின்றது. பின்னால் தள்ளுண்டோம். “அக்கா, பொறுமையா, சைடுல எடுங்க” என்று சரவணன் கெஞ்சினார். மறுபடி ஓட்டம் பிடித்து ஒரு சரிவு போய்த் திரும்பினால் கரை கிட்ட வந்தது போல இருக்கும், அடுத்த சரிவில் வாங்கு பக்கவாட்டில் தள்ளிப்போகும். மார்கரெட் தாரணியின் தோளில் கைவைத்ததைக் கண்டேன். தாரணி கோப்பையைப் புல்லில் வைத்ததைக் கண்டேன். எழும்பினாள். நான் கையை ஆட்டினேன், “தாரணி! தாரணி!” என்று கத்தினேன். நோர்த் சர்க்குலர் இரைச்சலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

கரையேறியபோது வாங்கில் சிவப்புச் சட்டை மட்டும் கிடந்தது. மார்கரெட்டின் முகம் வெளுத்திருந்தது. “பயப்பட வேண்டாம், ஏறாவிட்டாலும் பரவாயில்லை, உன் அம்மா எல்லாம் சொல்லியிருக்கிறார் என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். என் மகனும் இரண்டு வருடம் அப்படி இருந்தவன்தான் என்றேன்” என்றார். நல்ல மனுசி. அன்பாகச் சொன்ன சொல்தான். யாரைத் திட்டுவது?

பையை மட்டும் இழுத்துக்கொண்டு, ரப்பர் சட்டையோடு, வெறும் காலோடு கூல் ஓக் லேனில் ஓடினேன். பாலத்தில் சிவப்பு விளக்கில் நின்ற கார்க்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தாரணியும் ரப்பர் சட்டையோடுதான் பஸ் தரிப்பில் நின்றாள், உடுப்புப் பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்தபடி.

“எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா?” என்று இங்கிலிஷில் கேட்டாள்.

“ஒருத்தருக்கும் சொல்லேல்லையடி. அவ ஒரு ஆளுக்குத்தான்.”

“நான் இருந்து பார்த்த நேரம் முழுக்க அந்த மனுசிக்கு என்னைப்பற்றித் தெரியும். எனக்கு மட்டும் அது தெரியாது. நான் உங்களுக்குத் துணைக்கு வாறன் எண்டு நினைச்சன் அம்மா. உங்களுக்கு உண்மையிலேயே ஆசை எண்டு நினைச்சன்.”

“ஆசை தான் பிள்ளை! முதல்ல பொய்தான் சொன்னனான். இப்ப உண்மையாவே...”

“ப்ளீஸ் அம்மா.”

183 வந்தது. பஸ்ஸில் எங்கள் இருவரின் காலடியிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் மாடி ஏறினாள், கதவைச் சாத்தினாள்.

நான்காம் சனிக்கிழமை

அந்தக் கிழமை முழுக்கத் தட்டு தொடப்படாமலே வந்தது. பிஸ்கட்டும் தண்ணீரும் மட்டும் உள்ளே போனது. வெள்ளிக்கிழமை ஒரு முட்டை சாப்பிட்டாள். அதற்கே என் கணவர் சுவாமி அறையில் விளக்கேற்றினார்.

சனிக்கிழமை காலையில் நான் பையைத் தூக்கியதைப் பார்த்து, “பிள்ளை வரேல்லை. பிறகு நீ ஏன் போறாய்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. கட்டின காசு, கடைசி வகுப்பு என்று ஏதோ சொன்னேன். ரயிலுக்கு ஓடினேன். ஓடினேன் என்பதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள், தாய் பஸ் தவறிவிடும் என்று ஹாரோ படிகளில் விழுந்தடித்து ஓடுகிறாள்.

சரவணன் வழக்கம்போல் விசாரித்தார். “எக்ஸாம் எப்படி போகுது அக்கா தங்கச்சிக்கு?”

“எக்ஸாம் ஒண்டும் இல்லைத் தம்பி. அவவுக்குச் சுகமில்லை. கனகாலமாச் சுகமில்லை” என்றேன். அவர் என் மிதவைச் சட்டையின் வாரை இறுக்கிவிட்டார். எங்கள் ஆள் ஒருவருக்கு நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தரம். கொஞ்சம் முன்பே சொல்லப் பழகியிருக்கலாம். யாருக்கு இப்போது அதனால் லாபம்?

அன்றைக்கு என்னைத் தனியே விட்டார்கள். ஒற்றைப் பாய்ச் சின்னப் படகு. மார்கரெட் கண் கலங்க மன்னிப்புக் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். பூப்போல மெல்லிய வெயில், நிதானமான காற்று. கரையில் வாங்கு வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன், பிறகு பார்க்காமல் ஓட்டினேன். காற்றுக்கு எதிரே சரிவு சரிவாக ஏறி, ஒரு திருப்பத்தையும் தவறவிடாமல் பாலம் வரை போனேன். அந்தச் சரிவுகளை அன்றைக்கு இப்படி எடுத்திருந்தால் நேரத்துக்குக் கரை சேர்ந்திருப்பேன் என்று தோன்றியதும் கண்ணீர் வழிந்தது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் துடைக்க முடியவில்லை. அழுதுகொண்டே ஓட்டினேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது, கடவுளே, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஐம்பத்திமூன்று வயதுவரை என் உடம்புக்கு இப்படியொரு சந்தோஷம் உண்டென்று எனக்குத் தெரியாது. அதைக் காட்டித்தந்தவள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள்.

போக விரும்புகிறவர்களுக்கு: மழை இல்லாவிட்டாலும் மாற்று உடுப்பு இரண்டு கொண்டுபோங்கள். பழைய சப்பாத்து ஒன்று வேண்டும், அடியில் கல். காற்றில்லாத நாளில் போகாதீர்கள். பிள்ளைகளோடு போகலாம். அவர்களுக்கு என்ன சொல்லி அழைத்துப் போகிறீர்களோ, அது உங்கள் பாடு.

வீட்டுக்கு வர நாலு மணி. தலையைக்கூடத் துடைக்காமல் மாடிக்குப் போனேன். கதவடியில் மத்தியானத் தட்டு அப்படியே இருந்தது. தரையில் அமர்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சொன்னேன்.

“பிள்ளை, இண்டைக்கு நான் தனிய ஓட்டினனான். உன்னைப்போல ஒற்றைப் பாய்ப் படகில. எதிர்க்காற்றில பாலம் மட்டும் போனனான். எனக்கு உது சரியாப் பிடிச்சிருக்கு தாரணி. சத்தியமாச் சொல்லுறன்.”

பிறகு கட்டில் கிரீச்சிட்டது. கதவுக்கு மிகக் கிட்ட அவள் குரல் கேட்டது. கோபமில்லாத, களைத்த குரல்.

“அம்மா, இனி நீங்க எனக்காக அங்க போய்க் கஷ்டப்பட வேண்டாம். பாவம் நீங்க. நடிக்க வேண்டாம்.”

அங்கிருந்து புறப்படமுன்புதான் ஒரு வருடத்துக்குக் கழகத்தில் அங்கத்தவராகச் சேர்ந்துவிட்டு வந்திருந்தேன். “சரி பிள்ளை, இனிப் போகேல்லை” என்றேன்.